பச்சைப்பயறு முளைத்த குளமும் பெண்களுக்கான காலை நேரமும்

அனுப்புநர்
பச்சைக் கதவு வீட்டின் மூத்த மருமகள்,
(காலை நேரப் பெண்கள் அனைவருக்காகவும்)
நீச்சல் குளத்தின் பின்தெரு.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்,
பொது நீச்சல் குளங்கள் அனுமதிப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: நகராட்சி நீச்சல் குளத்தின் சுகாதார அனுமதியைப் புதுப்பிக்கையில், பெண்களுக்கான காலை நேரத்தை நீக்காமல் தொடரச் செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. குளத்தின் மேலாளர் நுழைவுச் சீட்டு ஜன்னலில் ஒட்டியுள்ள அறிவிப்பு. 2. அவரே தங்களுக்கு அனுப்பி, பொதுமக்கள் பார்வைக்காகப் பலகையில் மாட்டியுள்ள புதுப்பிப்பு விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலே கண்ட இரண்டு தாள்களையும் நான் நின்று நிதானமாகப் படித்தேன். இரண்டிலும் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் நடந்தது முழுவதும் அவற்றில் இல்லை. விடுபட்டதைத் தங்கள் பார்வைக்கு வைப்பதே இம்மனுவின் நோக்கம்.

1. நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. மீதியை மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாள்களிலும் பிறகு நூலகத்திலும் படித்துக்கொண்டேன். குளங்களுக்கான தங்கள் விதிப் புத்தகத்தையும் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். 'கரிமப் பொருள்' என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு மத்தியானம் ஆயிற்று. தெரிந்துகொண்ட பிறகுதான் அது எங்கள் வீட்டுப் பச்சைப்பயறு என்று புரிந்தது. வீட்டு வரவு செலவு எழுதுகிறவள் நான். எங்கள் பக்கம் உள்ள பற்றை மறைத்துவிட்டு வரவை மட்டும் காட்டுகிற பழக்கம் கிடையாது. ஆகவே எங்கள் தவறும் இம்மனுவில் உள்ளபடி வரும்.

2. என்னுடன் தண்ணீரில் இறங்குகிறவள் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அடுப்பு மட்டும் இரண்டு. அடுப்பு ஏன் பிரிந்தது என்பது தங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாதது. ஒரு சர்க்கரை டப்பா, அது எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று நான் கேட்ட ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதன்பிறகு சில வருடங்களாக எங்களுக்குள் பேச்சு என்பது "கேஸ் வந்திருக்கு", "மாடியில துணி நனையுது" என்ற அளவில் இருந்தது. அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்லிக்கொள்வோம்.

3. சென்ற ஆண்டு அவள் நாற்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைக்கையில் தவறி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கால்தான் நடக்க மறந்துவிட்டது. நான்கு கால் பிடியை (வாக்கர்) வைத்துக்கொண்டு கூடத்துக்கும் குளியலறைக்கும் இடையில்தான் அவளுடைய உலகம். பிசியோதெரபி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, தரையில் பயப்படுகிற கால் தண்ணீரில் பயப்படாது, தினமும் காலையில் குளத்தில் நடக்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இறங்கி நிற்க வேண்டும் என்றார்கள். பெண்கள் நேரத்தில் கொழுந்தனார் இறங்க முடியாது. வீட்டில் மிச்சம் இருந்த பெண் நான் ஒருத்திதான். என் கணவர், "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கினா தண்ணி கொதிச்சிடும், பார்த்து" என்றார். கடவுள் யாரை யாரோடு கட்டிப்போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நாம் மறுக்க முடியாது என்று எண்ணி ஒப்புக்கொண்டேன்.

4. நாங்கள் இருவருமே அதுவரை வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் நின்றவர்கள் இல்லை. காலை நேரத்துக்கு வருகிற மற்றப் பெண்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு தையற்காரப் பெண், ஒரு செவிலியர், கடை வாசலில் நின்று நின்று முழங்கால் வீங்கிய ஒரு பூக்காரி, தலைப்பிரசவம் முடிந்து முதுகு பிடித்துக்கொண்ட ஒரு ஆசிரியை. எல்லோரும் உடலை மூடிய பருத்தி உடையில்தான் இறங்குவோம். நான் படியில் குனிந்து தண்ணீரைத் தொட்டு ஒரு சிறு பிரார்த்தனை செய்துவிட்டு இறங்குவேன். சீட்டு கொடுக்கும் சில்லறை அண்ணன் (மீதி கேட்டால் எப்போதும் "சில்லறை இல்லை" என்பதால் வந்த பெயர்) அதைப் பார்த்து, "எனக்கும் சேர்த்து வேண்டிக்கங்க, சம்பளம் ஏறட்டும்" என்பார். வேண்டிக்கொண்டேன். இன்னும் ஏறவில்லை என்கிறார். அது இம்மனுவில் அடங்காது.

5. பருத்தி உடையில் ஒரு சங்கடம் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் பாவாடையும் நைட்டியும் குடைபோல மேலே எழும்பும். என் ஓரகத்தி ஒரு கையால் சுவர்க் கம்பியைப் பிடிப்பாள், மறு கையால் உடையை அழுத்திப் பிடிப்பாள். இரண்டு கையும் வேலையில் இருந்தால் கால் எப்படி நடக்கும்? பெண்கள் மட்டும்தானே இருக்கிறோம் என்று எல்லோரும் சொல்லியும் அவள் கையை எடுக்கவில்லை. முதல் பத்து நாட்கள் கம்பியோரமாகவே நின்றுவிட்டு வந்தோம்.

6. பிறகு ஒரு காலையில் அவள் கம்பியை விட்டாள். உடை எழும்பவில்லை. இரண்டு கையையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு அகலவாக்கில் எதிர்ச் சுவர் வரை நடந்து போனாள். நான் பக்கத்தில் போனபோது, "தள்ளி நில்லுங்கக்கா, நான் நடக்கிறேன்" என்றாள். அக்கா என்று அவள் என்னை அழைத்து வருடங்கள் ஆகியிருந்தன. நான் தள்ளி நின்றேன். எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் நடந்து வந்தாள். தண்ணீரில் நிற்கிறவர் முகத்தில் ஈரம் இருப்பது இயல்பு என்பதால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

7. உடை எப்படி அடங்கியது என்று அன்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் என் அடுப்படியில் பச்சைப்பயறு டப்பா கால்வாசி குறைந்திருந்ததையும் பார்த்தேன். முன்பு என்றால் கேட்டிருப்பேன். சர்க்கரை டப்பாவில் பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஐயா, இந்த இடத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். நான் கேட்டிருந்தால், பயறு நனைந்தால் முளைக்கும் என்று அப்போதே சொல்லியிருப்பேன். அவள் என்னிடம் கேட்டுவிட்டு எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேன். நாங்கள் பேசிக்கொள்ளாததன் பலன் குளத்தின் வடிகட்டிக் கூடையில் முளைத்தது.

8. நடந்தது இதுதான். உடை எழும்பாமல் இருக்க அதன் ஓரத்தைச் சுற்றிலும் குழாய்போல மடித்து, உள்ளே பயற்றை நிரப்பித் தைத்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே தைத்த தையல். கனமாக ஏதாவது வேண்டும், கடைக்குப் போகக் கால் இல்லை, குளியலறைக்குப் போகிற வழியில் கைக்கு எட்டியது என் அடுப்படிப் பயறு டப்பா. தினமும் நனைந்து, இரவெல்லாம் குளியலறைக் கம்பியில் ஈரத்தோடு தொங்கி, பயறு ஊதிப் பருத்திருக்கிறது. நான்காம் நாள் குளத்தின் நடுவில் தையல் விட்டது. பயறு அடியில் இறங்கியது, பச்சைத் தோல் மேலே மிதந்தது. எங்களைப் பார்த்துக்கொள்ளும் காவல் பெண்ணை எல்லோரும் விசில் அக்கா என்போம். அவர் ஊதிய விசிலில் பூக்காரி நான்கு படியையும் ஒரே தாவலில் ஏறிவிட்டார். அத்தனை நாள் முழங்கால் வலி எங்கே போயிற்றோ.

9. மேலாளர் வந்து, வடிகட்டிக் கூடையைத் திறக்கச் சொன்னார். உள்ளே சின்னச் சின்ன வெள்ளை வாலோடு பயறு கிடந்தது. "இது என்ன குளமா, நாற்றங்காலா? நாளைக்குக் கத்தரிச் செடி கொண்டு வருவீங்களா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி. உணவுப் பொருள் தண்ணீரில் கலந்தால் அது குளோரினைத் தின்றுவிடும், குளோரின் குறைந்தால் கிருமி தங்கும் என்று தங்கள் விதிப் புத்தகம் சொல்கிறது. ஆகவே அன்று குளத்தை மூடியது சரி. அடியை உறிஞ்சிச் சுத்தம் செய்ததும் சரி. இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

10. மேலாளரின் அறிவிப்பில், "சம்பந்தப்பட்ட பெண்கள் தவற்றின் தீவிரத்தை உணராமல் அலுவலக அறையில் சிரித்தனர்" என்று ஒரு வரி உள்ளது. இது உண்மை. விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். எங்கள் இருவரையும் அறையில் உட்கார வைத்து, பயறு யாருடையது என்று அவர் கேட்டார். "என்னுது சார்" என்றேன். "தைத்தது?" என்றார். "நான்தான் சார். டப்பா மட்டும் அக்காவோடது" என்றாள் இவள். பிறகு என் பக்கம் திரும்பி, "கணக்குல எழுதிக்கங்க, திருப்பித் தந்திடறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முளை கட்டியே தந்துட்டியே" என்றேன். அவளுக்கும் வந்துவிட்டது. அடுப்பு பிரிந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அடக்க முயன்றோம், முடியவில்லை. மேலாளருக்கு அது அவமரியாதையாகத் தோன்றியிருந்தால் வருந்துகிறோம். அவருடைய அறையில் நடந்தது என்ன என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

11. குளம் அடுத்த நாளே சுத்தமாகி, தண்ணீர்ப் பரிசோதனையும் நன்றாக வந்து, எல்லோருக்கும் திறக்கப்பட்டது. எங்களுக்கு மட்டும் திறக்கவில்லை. சீட்டு ஜன்னலில் "சுகாதார அனுமதியின் நிபந்தனை மீறப்பட்டதால் பெண்கள் காலை நேரம் மறு அறிவிப்பு வரை ரத்து" என்று ஒட்டினார்கள். அந்த நேரம் இப்போது நீச்சல் போட்டிப் பயிற்சிக்குப் போய்விட்டது. போன கோடையில் சனிக்கிழமை வகுப்பில் ஒரு குழந்தை தண்ணீரிலேயே வாந்தி எடுத்தது. அன்றும் குளத்தை மூடினார்கள், மருந்து போட்டார்கள், பரிசோதித்தார்கள், திறந்தார்கள். சனிக்கிழமை வகுப்பு அடுத்த வாரமே நடந்தது. அதுவே முறை. விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். தண்ணீரில் அசுத்தம் கலந்தால் தண்ணீருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கலந்தவர்களின் நேரத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று எங்கும் இல்லை.

12. "பொது நேரத்துல வாங்களேன், யார் வேண்டாம்னாங்க" என்றார் மேலாளர். அவர் சொல்லுக்கு மதிப்பளித்து ஒரு நாள் மாலை போனோம். கூட்டம் நெருக்கியது. பலகையிலிருந்து யாரோ குதித்த அலையில் என் ஓரகத்தி சாய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டாள். விசில் அக்கா குதித்துத் தூக்கினார். குதித்தவர்மேல் குற்றம் இல்லை. பொது நேரம் குதிப்பதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அவள் தரையிலும் கையை விடுவதில்லை. மறுபடி கூடம், குளியலறை. டாக்டரம்மா காலை மடக்கிப் பார்த்துவிட்டு, இறுகிக்கொண்டு வருகிறது, இப்படியே விட்டால் இந்த அளவோடு நின்றுவிடும், பிறகு தண்ணீராலும் பயன் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அவசரம் இதுதான்.

13. எங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும் என்பதும் விதியில் இருக்கிறது. அதை மேலாளர் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு தெரியாததுபோல் இருக்க மனம் ஒப்பவில்லை. தையற்காரப் பெண் எங்கள் எல்லோருக்கும் நீச்சல் உடைத் துணியிலேயே, கை கால் மூடியபடி புதிய உடை தைத்திருக்கிறார். கால்சட்டையின் கீழே பாதத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை வைத்திருக்கிறார். ஆகவே உடை எழும்பாது, கனமும் தேவையில்லை. விதியில் துணி எப்படிப்பட்டது என்றுதான் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. மாதிரித் துண்டு ஒன்றை இத்துடன் குத்தியிருக்கிறேன். தாங்கள் அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். நூலும் உதிராது, எதுவும் முளைக்கவும் முளைக்காது.

14. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை, தண்ணீருக்காகச் சொல்கிறேன். இறங்குமுன் எல்லோரும் அங்கேயே குளித்துவிட்டு வர வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. பெண்கள் பக்கத்துக் குளியல் அறையில் குளோரின் டிரம்களை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டில் குளித்துவிட்டுத் தெருப் புழுதியில் நடந்து வந்து இறங்கினோம். இதுவும் குறைதான். இடம் போதாமல்தான் மேலாளர் அப்படிச் செய்திருப்பார் என்று நம்புகிறேன். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. அன்று மாலை என் ஓரகத்தியைக் குளத்திலிருந்து தூக்கியபோது தன் நாற்காலியைக் கொடுத்தவர் அவர்தான். பயற்றைக் கண்டு பயந்துவிட்டார். அனுமதி கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தண்ணீரோடு எங்களையும் சேர்த்து வெளியேற்றிவிட்டார்.

15. புதுப்பிப்பு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் "பெண்களுக்கான தனி நேரம்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறார். தாங்கள் அதில் கையெழுத்திட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை அப்படியே நின்றுவிடும். அதற்குள் ஒரு கால் முழுதாக இறுகிவிடும். ஆகவே நாங்கள் கேட்பது: அந்தக் கட்டத்தில் "உண்டு" என்று எழுதச் சொல்லி, பழைய நேரத்தையே எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். எங்கள் புதிய உடையைத் தாங்களே பார்த்து, ஏற்கத்தக்கது என்று எழுத்தில் தர வேண்டும். நாளை இன்னொரு மேலாளர் வந்தால் மறுபடி முதலிலிருந்து விளக்க எங்களுக்குத் தெம்பு இல்லை. டிரம்களை வேறிடம் மாற்றிக் குளியல் அறையைத் திறந்துவிட வேண்டும். போட்டிப் பயிற்சிப் பிள்ளைகளும் பாவம், அவர்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். எங்கள் நேரம் முடிந்த கையோடு குளம் காலியாகத்தான் இருக்கிறது.

16. இவை நியாயமான கோரிக்கைகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தங்கள் விதிப் புத்தகத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை கூடியிருக்கிறது. அதை எழுதியவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை, அதில் இறங்குகிறவர்களைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள். என் பிரார்த்தனையில் கேட்க வேண்டியதைக் கடவுளிடம் கேட்டுவிட்டேன். கையெழுத்திடும் அதிகாரத்தை அவர் தங்களிடம் கொடுத்திருப்பதால் மீதியைத் தங்களிடம் கேட்கிறேன்.

17. கடைசியாக ஒன்று. இம்மனுவைத் தபாலில் அனுப்பலாம் என்றுதான் உறை வாங்கி வந்தேன். என் ஓரகத்தி அந்த உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். "பயறு தைச்சவ நான், மனுவை நான்தான் குடுப்பேன். நீங்க கூட வாங்க, ஆனா கையைப் பிடிக்காதீங்க" என்கிறாள். தங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று வாசற்காவலர் சொன்னார். பரவாயில்லை, படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறது. புதன்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அவள் முதற்படியில் கால் வைப்பாள். நான் ஒரு படி கீழே நிற்பேன். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவாள், ஆகவே தங்கள் மேசைக்கு வந்து சேர நேரம் ஆகும். தாங்கள் முன்னதாகத் தெரிந்துகொள்ள, இதன் நகல் ஒன்றை மட்டும் வாசற்காவலரிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். மதிய இடைவேளைக்குக் கதவைச் சாத்துமுன், ஒருமுறை படிக்கட்டை எட்டிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: உடைத் துணியின் மாதிரி, டாக்டரம்மாவின் சீட்டு நகல், காலை நேரப் பெண்களின் கையொப்பங்கள்.

இடம்: பச்சைக் கதவு வீடு
நாள்: திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனைக்குப் பின்

இப்படிக்கு,
(கையொப்பம்)
மூத்த மருமகள்

(இளைய மருமகளின் கையொப்பத்துக்காக, அவள் கொண்டுவரும் அசலில் கீழே இடம் விட்டிருக்கிறேன். அதைத் தங்கள் மேசையில், நின்றுகொண்டு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.)